டப்பாவைத் திருப்பிப் பார்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அண்ணன் மகள் ஈரக் குடையோடு வந்து நின்றாள். கார்த்திகையில் நிச்சயதார்த்தம், வைகாசியில் கல்யாணம். கையில் போன், போனில் புதிதாகத் திறந்த ஏதோ ஒரு பார்லரின் விலைப்பட்டியல்.

"அத்தை, வாக்ஸிங்குக்கு ஒரு ரேட் போட்டிருக்காங்க. ஷுகரிங்குக்கு அதைப் போல ரெண்டு மடங்கு. ரெண்டுமே முடியைப் பிடுங்குறதுதானே? எதைப் பண்ணிக்கிறது?"

திருச்சியில் இருபத்திரண்டு வருஷம் பார்லர் வைத்திருந்து, முழங்காலின் பேச்சைக் கேட்டுக் கடையை மூடியவள் நான். நின்றவாக்கில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. "உட்காரு, டீ போடுறேன்" என்று ஒரு அடுப்பில் பாலை வைத்தேன். பக்கத்து அடுப்பில் அடி கனமான பாத்திரம் ஒன்றை வைத்து, ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டேன்.

"இதுதான் ஷுகரிங். சாமான் இவ்வளவுதான்."

"ஜாங்கிரிக்குப் பாகு வைக்கிற மாதிரி இருக்கே?"

அதே பாகுதான், பதம் மட்டும் வேறு. ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழிவது புளிப்புக்காக இல்லை, பாகு பூத்துப் போகாமல் இருக்க. சர்க்கரையைப் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். இந்த இரண்டும் குறுக்கே நிற்பதால் மிச்சச் சர்க்கரை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்கண்டாக முடியாது. ஆறினாலும் பாகு இழுபடும், மினுங்கும், ஒட்டும். எலுமிச்சையை மறந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடை ஆரம்பித்த முதல் தை மாதம், முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு வாக்ஸ் தீர்ந்துபோய், வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம் என்று வெறும் சர்க்கரையும் தண்ணீருமாக வைத்தேன். விடிந்து பார்த்தால் பாத்திரம் முழுக்க வெள்ளை வெளேரென்று சர்க்கரைக் கட்டி. கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது.

பாகு தேன் நிறத்துக்கு வந்ததும் ஒரு சொட்டை எடுத்துத் தட்டிலிருந்த தண்ணீரில் விட்டுக் காட்டினேன். விரலால் கூட்டினால் உருள வேண்டும், அழுத்தினால் நசுங்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 120 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இறக்குவார்கள். அதற்கு முன்னால் இறக்கினால் குழகுழவென்று கையோடு வரும். கொஞ்சம் தாண்டினால் கம்மர்கட், பல்லால்தான் உடைக்க வேண்டும்.

இறக்கின பாகைத் தொடப் போனவளின் கையைத் தட்டிவிட்டேன். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி, பட்டால் வழிந்து ஓடிவிடும். இது அதைவிடச் சூடு, பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். என் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு இன்னும் தழும்பு இருக்கிறது. வீடியோ பார்த்து வீட்டில் காய்ச்சுகிறவர்கள் கெடுவது இந்த இடத்தில்தான். மேலே ஆடை மாதிரி ஆறியிருக்கும், உள்ளே நெருப்பாக இருக்கும். பட்டுவிட்டால் குழாயைத் திறந்து 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டு. டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதையும் அப்பாதே.

பாகு ஆறட்டும் என்று டீயை வடிகட்டிக் கொடுத்தேன். "இது எந்த ஊர்ச் சமாச்சாரம் அத்தை?" என்றாள்.

அரபு நாட்டுப் பக்கத்தது. எகிப்தில் இந்தப் பாகை ஹலாவா என்பார்கள். நம் திருநெல்வேலி அல்வாவுக்கும் அதே வேர்தான்: இனிப்பு. துருக்கியிலும் லெபனானிலும் அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் காய்ச்சி, கல்யாணப் பெண்ணுக்குக் கை கால் எடுத்துவிடுவது பழைய வழக்கம். நமக்கு நலங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளேன். நதீன் லபாக்கி 2007-இல் எடுத்த 'கேரமல்' படம் பெய்ரூட்டில் ஒரு பார்லருக்குள் நடக்கிறது. படத்தின் பெயரே இந்தப் பாகுதான். அரபியில் 'சுக்கர் பனாத்', பெண்களின் சர்க்கரை. அந்த சுக்கர் என்ற சொல் இங்கிருந்து போன சர்க்கரைதான் என்பது கூடுதல் சந்தோஷம்.

பார்லர்காரர்கள் விளம்பரத்தில் கிளியோபாட்ராவை வேறு இழுப்பார்கள். அவள் செத்தது கி.மு. 30-இல். எகிப்தில் கரும்பு போட ஆரம்பித்தது அரபு ஆட்சி வந்த பிறகு, அறுநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. அவள் வேறு எதையாவது காய்ச்சியிருக்கலாம், சர்க்கரைப் பாகு கிடையாது. கிளியோபாட்ரா பெயரில் விலை கூட்டியிருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கொடு.

"சரி, வாக்ஸ்?"

அங்கேதான் வேடிக்கை. உள்ளே போய், கடையை மூடும்போது எடுத்து வைத்த பழைய தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேலே தேன் கூடு, தேனீ, 'ஹனி வாக்ஸ்' என்று பெரிய எழுத்து. "திருப்பிப் பின்னால படி" என்றேன். பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். சர்க்கரை. குளுக்கோஸ். தண்ணீர். சிட்ரிக் அமிலம். கடைசியில் கொஞ்சம் தேன்.

"அத்தை, இதுவும் பாகுதானா?"

பாகேதான். சிட்ரிக் அமிலம் என்றால் எலுமிச்சை உப்பு. நம் ஊர்ப் பார்லர்களில் ஆண்டாண்டு காலமாகக் கைக்கும் காலுக்கும் போட்டுவந்த சாதாரண வாக்ஸ் பெரும்பாலும் இந்த ஜாதி. மெழுகு என்று பெயர், உள்ளே மெழுகு கிடையாது. வேலை முடிந்ததும் பார்லர் பெண் ஈரத் துண்டால் கையைத் துடைத்துவிடுவாள், பிசுபிசுப்பு போய்விடும். நிஜ மெழுகு தண்ணீரில் போகுமா? உன் அம்மா வருஷக்கணக்காக என்னிடம் ஷுகரிங்தான் பண்ணிக்கொண்டாள், அவளுக்கும் தெரியாது, முதல் சில வருஷம் எனக்கும் தெரியாது.

நிஜமான வாக்ஸ் வேறு வகை. பைன் மரப் பிசின், எண்ணெய், சிலவற்றில் தேன்மெழுகு. ரிக்கா என்று சொல்லிப் போடுகிறார்களே, முதலில் ஒரு ஜெல் தடவி, கடைசியில் எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அது எண்ணெயில்தான் கரையும், தண்ணீருக்கு அசையாது. துணி இல்லாமல் தானே இறுகி, ஓடு மாதிரி பிய்த்து எடுக்கிற ஹார்ட் வாக்ஸும் இந்தக் குடும்பம். கெட்டி முடியை இவை நன்றாகக் கவ்வும், அதை மறுக்க முடியாது. ஆனால் பைன் பிசின் சிலருக்கு ஆகாது. வயலின் வில்லில் தேய்ப்பதும் அதே பிசின்தான். சில பிளாஸ்திரிகளின் பசையிலும் உண்டு. பிளாஸ்திரி ஒட்டின இடம் சதுரமாகச் சிவந்து அரிக்கிற ஆளாக இருந்தால், பிசின் வாக்ஸ் போடும் முன் உள்ளங்கையளவு இடத்தில் போட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பெயரைக் கேட்காதே. எது போட்டுத் துடைப்பீர்கள், தண்ணீரா எண்ணெயா என்று கேள். தண்ணீர் என்றால் சர்க்கரை.

அவள் விடவில்லை. "அப்ப ஷுகரிங்னு தனியா ரெண்டு மடங்கு வாங்குறது ஏமாத்தா?"

அப்படியும் சொல்லிவிட முடியாது. பாகு ஒன்று, இழுக்கிற திசை வேறு. பாகு இதற்குள் கைபொறுக்கிற சூட்டுக்கு வந்திருந்தது. ஓர் எலுமிச்சை அளவு எடுத்து இரண்டு கையாலும் இழுத்து மடித்து, இழுத்து மடித்துப் பிசைந்தேன். தேன் நிறம் போய் வெளிறி, பட்டு நூல் மாதிரி பளபளப்பு வந்தது. அவள் ஆசையாகக் கையை நீட்டினாள். பவுடர் டப்பாவை எடுத்தேன். அப்போதுதான் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியா? சுகர், ரத்தம் உறையாம இருக்க, பருவுக்கு?"

"இப்ப இல்ல அத்தை. பருவுக்கு டாக்டர் குடுத்தது ஆவணியோட நிறுத்தியாச்சு."

"என்ன மாத்திரை?"

போனில் பழைய சீட்டைத் தேடிக் காட்டினாள். ஐசோட்ரெடினோயின். பவுடர் டப்பாவை மூடினேன்.

அந்த மாத்திரை எண்ணெய்ச் சுரப்பைக் குறைத்துப் பருவை அடக்கும். கூடவே தோலையும் மெலிதாக்கிவிடும். முகத்தை மட்டுமில்லை, உடம்பு முழுக்க. சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி 6 மாசம் வரைக்கும் வாக்ஸ் கூடாது என்று மருந்தோடு வருகிற தாளிலேயே இருக்கும். முடியோடு தோலும் உரிந்து வந்து தழும்பாகிவிடலாம். சர்க்கரைதானே, இயற்கைதானே என்று இதில் சலுகை கிடையாது. இழுப்பு இழுப்புதான். ட்ரெடினோயின், அடாபலீன் என்று இரவில் தடவுகிற கிரீம்களும் உண்டு. அவை தடவுகிற இடத்தில் இழுக்க வேண்டுமானால் சில நாள் முன்பே தடவுவதை நிறுத்தியிருக்க வேண்டும். ரேட் கார்டில் கிளியோபாட்ரா வரைக்கும் போட்டிருக்கிறார்கள், இந்தக் கேள்வி எங்கேயாவது இருக்கிறதா பார் என்றேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள், இல்லை.

அவள் முகம் வாடிவிட்டது. பிசைந்த பாகை வீணாக்க மனமில்லாமல் என் கையிலேயே போட்டுக் காட்டினேன்.

முன்கையில் முடி மணிக்கட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பவுடரைத் தூவி, ஈரம் போனதும், உருண்டையை மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக, அதாவது முடிக்கு எதிராக, அழுத்தித் தேய்த்தேன். பாகு முடிக்கு அடியில் நுழைந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. பிறகு மறு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உருண்டையின் ஓரத்தை விரல் நுனியால் கிளப்பி, முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே, தோலை ஒட்டினாற்போல் வெடுக்கென்று சுண்டினேன். மேலே தூக்கக் கூடாது, படுக்கைவாட்டில் போக வேண்டும். உருண்டையைத் திருப்பிக் காட்டினேன். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழோடு முடிகள் முளைத்த மாதிரி நின்றன. அந்தக் குமிழ்தான் வேர்.

டப்பா வாக்ஸில் இது நேர்தலைகீழ். முடியோடு தடவி, துணி ஒட்டி, முடிக்கு எதிராக இழுக்க வேண்டும். முடி தோலுக்குள் செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்து படுத்திருக்கிறது. சாய்ந்த பக்கமே இழுத்தால் வந்த வழியே வரும். எதிர்ப்பக்கம் இழுக்கும்போது தோலின் வாயில் மடங்கி, சில முடிகள் வேரை உள்ளே விட்டுவிட்டு முறியும். முறிந்தது மறுபடி வளர்ந்து மேலே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டால் சிவப்பாகக் கட்டி எழும்பும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். கையால் சுண்டுகிற முறைக்கு இருக்கிற உண்மையான பெருமை இதுதான்.

மற்றப் பெருமைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சர்க்கரை முடியை மட்டும் பிடிக்கும், தோலைத் தொடாது என்பார்கள். என் கையில் இப்போது ஒட்டிக்கொண்டிருப்பது என்ன? வலிக்காது என்பார்கள். வேரோடு பிடுங்கினால் வலிக்கும். தோலை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த கை என்றால் குறைவாக வலிக்கும், எதைப் போட்டாலும் சரி. மாதவிலக்குக்கு முந்தின இரண்டு மூன்று நாள் கூடுதலாக வலிப்பதாகப் பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளில் அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

அந்தக் கைக்குத்தான் இரண்டு மடங்கு. சுண்டுகிற முறையைப் பழக எனக்கே மாசக்கணக்கில் ஆனது. துணி ஒட்டி இழுக்கிறதை ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதோடு நம் ஊர் வெக்கை வேறு. இழுத்து மடிக்கிற பாகு காற்றின் ஈரத்தைக் குடிக்கும், வியர்க்கிற கையில் இளகும். மழைக்காலத்தில் திறந்துவைத்த கம்மர்கட் ஜாடி என்ன ஆகுமோ அதுதான். சித்திரையில் கரண்டு போன மத்தியானம் ஒரு முழுக் காலைச் சுண்டி முடிக்க வேண்டுமென்றால் தெரியும் சேதி. ஏசி இல்லாத கடையில் ஷுகரிங் என்று போர்டு இருந்தால், டப்பாப் பாகைத் துணி போட்டு இழுக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொள். அப்படியானால் டப்பா விலைதான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் எட்டிப் பார்க்கச் சொன்னேன். வாக்ஸ் பாத்திரத்தில் கத்தியை விட்டு, உன் கையில் தடவி, அதே கத்தியை மறுபடி பாத்திரத்தில் விடுகிறார்களா? காலையிலிருந்து எத்தனை பேர் அக்குளுக்கும் அது போய் வந்ததோ. சூட்டில் கிருமி செத்துவிடும் என்று சில பேர் சொல்வார்கள். தோல் பொறுக்கிற சூட்டில் எந்தக் கிருமி சாகும்? ஒவ்வொரு முக்கலுக்கும் புதுக் குச்சி எடுக்கிற கடைக்குப் போ. சர்க்கரை உருண்டை ஒரு ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் குப்பைத் தொட்டி. ஷுகரிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒழுங்குதான், அதுவும் அந்தரங்க இடங்களுக்கு என்றால். அங்கே ஒரு சின்னக் கீறல்கூட வேண்டாத வினையைக் கொண்டுவரும்.

"இதெல்லாம் சரி அத்தை, எனக்குத்தான் எதுவும் ஆகாதுன்னுட்டீங்களே. நிச்சயதார்த்தத்துக்கு என்ன பண்றது?"

"ரேஸர்."

அதிர்ந்துபோனாள். "தடிப்பா வளருமே!"

வளராது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் சவரத்தை வைத்து அளந்து பார்த்து, முடியின் தடிமனோ வேகமோ மாறவில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார். நூறு வருஷம் ஆகப் போகிறது, நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தானாக வளர்ந்த முடியின் முனை பூனை முடி மாதிரி கூர்ந்திருக்கும். பிளேடு அதைக் குறுக்கே வெட்டுவதால் முனை மொட்டையாகி விரலுக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். புது பிளேடு, நிறைய சோப்பு நுரை, முடி போகிற பக்கமாகவே மெதுவாக. நிச்சயதார்த்தப் புடவைக்கு அது போதும். அதற்கும் முன்னால் தோல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வைகாசிக்கு வழி இருக்கிறது. ஆவணி முடிந்து ஆறு மாசம் என்று விரல் விட்டு எண்ணினோம். பங்குனி பிறந்துவிடும். டாக்டர் சரி என்றால் பங்குனியில் கையில் மட்டும் ஒரு வெள்ளோட்டம், சித்திரையில் ஒரு முறை, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கடைசி முறை. முந்தின நாள் வேண்டாம், சிவப்பு அடங்க நேரம் வேண்டும். முதல் முறை முடிந்து இரண்டே வாரத்தில் அங்கங்கே முடி தலைநீட்டினால் பார்லரைத் திட்டாதே. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. இழுக்கும்போது தோலுக்கு அடியில் இருந்தவை இப்போது வருகின்றன. இரண்டு மூன்று முறைக்குப் பிறகுதான் மூன்று நான்கு வாரம் நிம்மதி. டப்பா வாக்ஸுக்கு முடி ஒரு பொன்னி அரிசி நீளமாவது, 5 மில்லிமீட்டர் சுமார், வளர்ந்திருக்க வேண்டும். சுண்டுகிற பாகுக்கு அதில் பாதி போதும்.

கைகாலுக்கு அவளுக்கு நான் சொன்னது சாதாரண ஹனி வாக்ஸ், குச்சி மாற்றுகிற கடையில். பணத்தை அங்கே மிச்சம் பிடித்து, முடி மூன்று திசையில் சுழல்கிற அக்குளுக்கு மட்டும், கை பழகிய ஆளாகப் பார்த்து, சுண்டுகிற ஷுகரிங். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகச் சுண்ட முடிவது அங்கேதான் பிரயோஜனம். முகத்துக்கு இரண்டும் வேண்டாம், நூல் போதும். தாடையில் கெட்டி முடி வருகிறது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால் பார்லருக்குப் போகும் முன் டாக்டரிடம் போக வேண்டும். பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவளுக்கு அந்தக் கவலை இல்லை.

பேச்சில் முதல் டீ ஆறிப்போயிருந்தது. இரண்டாவது டீக்குப் பால் வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் அடியில் எறும்புக்குக்கூடக் காணாது. அத்தனையும் பாகுக்குப் போயிருந்தது. அவள் எழுந்து, பாத்திரத்தில் கை படாமல் மிச்சமிருந்த பாகை ஸ்பூனில் கோதி, டம்ளருக்குக் கொண்டுபோனாள். "ஏய், அதுல எலுமிச்சை இருக்குடி, பால் திரிஞ்சிடும்" என்று தடுத்தேன். பாலை இறக்கிவைத்துவிட்டு வெறும் தேயிலைத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பாகைக் கலக்கி ஒரு வாய் குடித்தாள்.

"லெமன் டீ நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றாள்.